மருந்துத் தொட்டியும் விபிஎன்னும்

இன்று எருமப்பட்டியில் ஒரு கோழிப்பண்ணைக்குப் போய்விட்டு வந்தேன். இன்னும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

வீட்டு விளக்கு முதல் கோழி ஷெட்டின் ஃபேன் வரை எல்லாவற்றையும் போனிலேயே இயக்கும்படி போன வருடம் அங்கே அமைத்துக் கொடுத்தவன் நான்தான். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு பூட்டாக விபிஎன்னும் போட்டிருந்தேன். அதை ஆன் செய்தால்தான் வெளியூரிலிருந்து உள்ளே நுழைய முடியும்.

பண்ணைக்கார அண்ணனுக்கு அது தொல்லையாக இருந்தது.

"ஏனுங்க தம்பி, ஒவ்வொருக்காவும் அதை வேற அமுக்கோணுமா? நம்ம ஊட்டுக்குள்ள எவன் வரப்போறான்? எடுத்துவுட்ருங்க."

எடுத்துவிட்டேன். வெறும் பாஸ்வேர்டு மட்டும் மிஞ்சியது.

நேற்று உச்சி வெயிலில் அவர் ஒரு கல்யாணத்தில் இருந்தபோது, எங்கிருந்தோ எவனோ பாஸ்வேர்டை உடைத்து இணையம் வழியாக உள்ளே நுழைந்து அத்தனை ஃபேனையும் நிறுத்தியிருக்கிறான். மூடிய ஷெட். வேலையாட்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கோழிகள் கூண்டோடு செத்துக் கிடந்தன.

இன்று கேட்டில் வண்டியை நிறுத்தினேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. தரையிலிருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியைத்தான் காட்டினார்.

"காலை நனைச்சுட்டு வாங்க தம்பி. வெளிய இருந்து சீக்கு வந்துரும்."

நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஷெட்டுக்குப் பின்னால் ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது.

போன வருடமே அந்தத் தொட்டியைக் காட்டி அவருக்கு விபிஎன்னை விளக்கியிருக்கலாம். எனக்கே இன்றைக்குத்தான் உறைத்தது.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இன்னும் வெறும் பாஸ்வேர்டு மட்டும்தான் காவல்? கைதூக்குங்கள், திட்ட மாட்டேன். அந்த அண்ணனும் என்னைத் திட்டவில்லை.