ஆவணித் தண்ணீர்

எண்பத்து மூன்றாம் ஆண்டு வரைக்கும் புங்குடுதீவில் காணித் தரகுக்கும் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. யாருக்கும் யாருக்கும் இடையில் கோபம், எந்த வீட்டில் பெண்பிள்ளை வளர்ந்துவிட்டது, எந்தக் காணியின் உறுதிப் பத்திரத்தில் எத்தனை பேருக்குப் பங்கு என்று தெரிந்தவர் தரகர். அதற்கு ஒரு சைக்கிளும் வாயும் போதும். அந்தத் தொழிலுக்குள் முதுகலைப் பட்டத்தோடு நுழைந்த முதல் ஆள் குலசிங்கம். தொண்ணூற்றொன்றில் போரால் ஊரே எழும்பிப் போகும்வரை அவருக்கு அதுதான் சோறு போட்டது.

அவர் பேராதனையில் புவியியல் படித்தவர். எம்.ஏ.க்கு எடுத்துக்கொண்ட ஆய்வு, தன் தீவின் கிணற்றுத் தண்ணீர். ஒரு வருடம் முழுவதும் மாதம் தவறாமல் ஊருக்கு வந்து, சைக்கிள் கரியரில் வெறும் போத்தல்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீர் அள்ளினார். சனம் அவருக்குக் கிணற்று டொக்டர் என்று பெயர் வைத்தது. சிலர் வயிற்றுவலிக்கும் மருந்து கேட்டார்கள். பட்டம் கிடைத்தது, கொழும்பில் ஒரு கந்தோரில் வேலையும் கிடைத்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கந்தோரையும் வாடகை வீட்டையும் விட்டுவிட்டு, மனைவி சறோஜினிதேவியோடும் கைக்குழந்தையான மகளோடும் அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். மிஞ்சியது படிப்பு ஒன்றுதான். அது தலைக்குள் இருந்ததால் எரியவில்லை.

அதே கப்பல்களில் ஊர் முதலாளிமாரும் வந்தார்கள். தெற்கில் கடை நடத்தி அங்கேயே கண்ணை மூடலாம் என்றிருந்தவர்களுக்குத் திடீரென்று ஊரில் வீடு தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவென்று வீட்டை விற்கத் தாய்மார் அவசரப்பட்டார்கள். வாங்கவும் ஆள் இருந்தது, விற்கவும் ஆள் இருந்தது. நடுவில் வேலையில்லாமல் குலசிங்கம் இருந்தார்.

இந்தத் தீவில் காணி வாங்குகிறவன் உண்மையில் வாங்குவது தண்ணீரைத்தான். நிலத்துக்குக் கீழே உப்புத் தண்ணீர். மழைத் தண்ணீர் அதன்மேல் பாலில் ஆடை படிந்த மாதிரி மெல்லிசாகக் கிடக்கிறது. மாரி முடிந்த தையிலும் மாசியிலும் எந்தக் கிணற்றில் அள்ளினாலும் இனிக்கும். ஆடி, ஆவணிக்குள் ஆடை தேய்ந்து, பல கிணறுகளில் உப்பு மேலே வந்துவிடும். இது ஊரில் ஒருவருக்கும் தெரியாத விசயமல்ல. ஆனாலும் தை பிறந்தபின்தான் நல்ல காரியம் என்று எல்லோரும் தையிலும் மாசியிலும்தான் காணி பார்ப்பார்கள். விற்கிறவர் செம்பில் அள்ளிக் கொடுப்பார். வாங்குகிறவர் குடித்துவிட்டுத் தலையாட்டுவார். பங்குனியில் உறுதி முடியும், ஆவணியில் சண்டை தொடங்கும்.

குலசிங்கம் ஒரு சட்டம் போட்டார். ஆவணியில் வந்து தண்ணீர் குடித்துப் பார்த்த பிறகுதான் தன் கையால் உறுதி. மற்றத் தரகர்மார் சிரித்தார்கள். காணி விற்கிற மனிசன் காணி வாங்க வருகிறவனை ஆறு மாதம் பொறு என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. ஆனால் வந்தவர்களிடம் அவர் எந்தக் குறிச்சியில் எந்தக் கிணறு ஆவணியிலும் தாங்கும், எது தாங்காது, ஏன் தாங்காது என்று மண்ணில் கோடு கீறி விளங்கப்படுத்தினார். இரண்டு கோடை போக அவர் சொன்னதெல்லாம் சரியாக வந்தது. ஊருக்கே தெரிந்த ஒன்றை ஒருவர் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. போட்டுக்கொண்டு சொன்னபோதுதான் ஊர் காதுகொடுத்துக் கேட்டது. இதில் கோபிக்க ஒன்றுமில்லை, எங்கள் ஊர் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் விசிட்டிங் காட் அடித்தார். 'சு. குலசிங்கம் எம்.ஏ. காணி, வீடு, கிணறு' என்று அதில் இருந்தது. உறுதிகளில் சாட்சியாக வைக்கும் கையெழுத்திலும் எம்.ஏ. இருக்கும். வேலணையில் உறுதி எழுதும் நொத்தாரிசு, குலசிங்கம் வந்தால் உறுதியில் ஒரு வரி கூடுதலாக விடவேண்டியிருக்கிறது என்று பகிடி பண்ணுவார். குலசிங்கத்துக்கு அந்தப் பகிடி பிடிக்கும். அவருடைய தகப்பன் அந்த இரண்டு எழுத்துக்காக ஒரு தோட்டத்தை விற்றவர்.

எண்பத்தாறு மாசியில் அவருடைய சொந்தத் தமக்கை இராசமணி தன் வீட்டை விற்கவேண்டும் என்று வந்து நின்றார்.

இராசமணி புருசனை இழந்தவர். வீடு, தகப்பன் கொடுத்த சீதனம். தகப்பன் ஒரே வளவை இரண்டாகப் பிரித்து, கடற்கரைப் பக்கத்தை மகளுக்கும் றோட்டுப் பக்கத்தை மகனுக்கும் எழுதியிருந்தார். இரண்டிலும் கிணறு உண்டு. தமக்கையின் கிணறு ஆனி பிறந்ததும் உப்பாகிவிடும். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. நடு வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. கோடையில் இராசமணி வாளியோடு அந்தப் பொட்டால் நுழைந்து தம்பியின் கிணற்றில் அள்ளிக்கொண்டு போவார். ஆய்வுக்காக எல்லா வீட்டுக் கிணற்றையும் அளந்த குலசிங்கம் அதையும் அளந்தவர்தான்.

இராசமணிக்கு ஒரே மகன், பத்தொன்பது வயது. அவனை ஒருமுறை இராணுவம் பிடித்துக்கொண்டு போய், அடித்து, விட்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டாலே பின்பக்கத்தால் ஓடினான். பங்குனியில் வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் கிடைத்திருந்தான். வீட்டை வாங்கவும் ஆள் தயாராக இருந்தார். தெற்கே காலி நகரில் கடை எரிந்து வந்த அம்பலவாணர்.

குலசிங்கம் தமக்கையிடம் தன் சட்டத்தைச் சொன்னார்.

"தம்பி, நீ ஆவணி எண்டு சொல்லுறாய்," என்றார் இராசமணி. "ஆவணிக்கு என்ரை பிள்ளை இருப்பானோ?"

குலசிங்கம் அம்பலவாணருக்கு ஆள் அனுப்பினார்.

அம்பலவாணர் மனைவியோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முப்பது வருடம் குழாய்த் தண்ணீர் குடித்த நாக்கு அவருக்கு. செம்பில் அள்ளிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, இனிக்குது என்றார். பிறகு, தான் கேள்விப்பட்டதை மறக்காமல், ஆவணியிலும் ஒருக்கால் வந்து குடிக்கவேண்டுமோ என்று கேட்டார்.

"தேவையில்லை அண்ணை," என்றார் குலசிங்கம். "இது நாங்கள் பிறந்து வளர்ந்த காணி."

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அம்பலவாணருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. பங்குனி தொடக்கத்தில் உறுதி முடிந்தது, மாத நடுவில் பெடியன் போனான். இராசமணி வண்ணார்பண்ணையில் மச்சாளோடு இருக்கப் போய்விட்டார். காணி பிறத்தியாரிடம் போனால் பொட்டை அடைப்பது வழக்கம். குலசிங்கம் புதுக் கதியால் தடி நட்டு, கிடுகு வைத்துக் கட்டி அடைத்தார். மூன்றாம் மாதம் இராசமணியின் மகனிடமிருந்து சுகமாகச் சேர்ந்தேன் என்று செய்தி வந்தது. அதைக் கேட்டுக் குலசிங்கம் அழுதார் என்று சறோஜினிதேவி சொல்லியிருக்கிறார்.

ஆவணியில் ஒருநாள் காலை அம்பலவாணர் றோட்டால் சுற்றி வந்தார். கையில் மூடி போட்ட செம்பு இருந்தது. குலசிங்கம் கதிரையை எடுத்துப் போட்டார். அம்பலவாணர் இருக்காமல் செம்பை நீட்டினார்.

"குடியும் தம்பி."

குலசிங்கம் வாங்கி முழுவதையும் குடித்தார். ஒரு மிடறிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"ஊர் முழுக்க ஆவணியிலை வா எண்டு சொன்னனீர்," என்றார் அம்பலவாணர். "எனக்கு மட்டும் தேவையில்லை எண்டனீர். ஏன்?"

மருமகன் போகவேண்டியிருந்தது என்று குலசிங்கம் சொன்னார். வேறு சமாதானம் தேடவில்லை.

அம்பலவாணர் வெறும் செம்பை வாங்கி மூடினார். அவர் வியாபாரி. அவர் சொன்னதும் வியாபாரியின் பேச்சுத்தான்.

"உப்பு எண்டு சொல்லியிருந்தால் விலையைக் குறைச்சிருப்பன். வாங்காமல் விட்டிருக்கமாட்டன், எனக்கும் வீடு வேணும். பெடியனும் போயிருப்பான். இப்ப நான் இந்த ஊரிலை ஆரிட்டை என்னத்தைக் கேட்டு நம்புறது?"

குலசிங்கம் உடனே கத்தியை எடுத்துக்கொண்டு போய் வேலியை வெட்டிப் பொட்டைத் திறந்தார். இன்றைக்கே உங்கள் வீட்டார் வந்து அள்ளலாம் என்று அம்பலவாணரிடம் சொன்னார். அம்பலவாணர் அதற்கும் மசியவில்லை. இன்றைக்கு வெட்டின வேலியை நாளைக்கு உம்முடைய மகளைக் கட்டுகிறவன் வந்து அடைப்பான், வாய்ச்சொல்லில் ஒருமுறை தண்ணீர் குடித்தது போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஊரில் ஒருவருக்கும் அவர் மூச்சு விடவில்லை. ஏசியிருந்தால் குலசிங்கத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தக் கிழமையும் இரண்டு பேர், நீர் சொன்னால் சரி என்று காணி விசாரிக்க வந்தார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் எழுதிக் கொடுப்பதென்று தீர்மானித்தார். தன் கிணற்றில் அரைப் பங்கும், அதற்குப் போய்வரும் வழியும், அம்பலவாணருக்கும் அவர் பின்னுரித்தாளருக்கும். சறோஜினிதேவி மூன்று நாள் கதைக்கவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் கிணற்றுப் பங்கை யாரும் சும்மா எழுதிக் கொடுப்பதில்லை. நாளைக்குச் சீதனம் பேச வருகிறவன் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் வளவு குலசிங்கத்துக்குத் தகப்பன் வழி வந்த முதுசம், தடுக்க ஏலாது. நாலாம் நாள் சறோஜினிதேவியே உறுதிப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

வேலணைக்குக் குலசிங்கமும் அம்பலவாணரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. நொத்தாரிசு எல்லைகளை எழுதி முடித்துவிட்டு, இது விலையுறுதி இல்லையே, நன்கொடை என்றால் காரணம் எழுதவேண்டும், இவர் உமக்கு என்ன முறை என்று கேட்டார்.

"ஒரு முறையுமில்லை," என்றார் குலசிங்கம். "ஆவணியிலை வரச் சொல்லவேண்டியவன் சொல்லேல்லை எண்டு எழுதுங்கோ."

நொத்தாரிசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் பார்த்தார். அப்படியெல்லாம் உறுதியில் எழுத ஏலாது என்றார். கடைசியில் எல்லா நன்கொடையிலும் எழுதுகிற மாதிரி 'அன்பின் நிமித்தம்' என்று எழுதினார். அம்பலவாணர் அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு, சரி என்றார்.

குலசிங்கம் கையெழுத்து வைத்தார். நொத்தாரிசு வழக்கம்போல அதன் பக்கத்தில் இடம் விட்டிருந்தார். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"எம்.ஏ. போடேல்லையோ?"

"இதுக்கு வேண்டாம்," என்று சொல்லி, குலசிங்கம் பேனையை மூடிக் கொடுத்தார்.