கன்செப்டாவின் தேநீர்ச் சோதனை

சுற்றுலாப் பேருந்தில் கன்செப்டா டூஹி இருக்கை இருக்கையாக வந்து சீட் பெல்ட்டைச் சுண்டி இழுத்துப் பார்த்தார். நாற்பத்தொரு பேர், லாங்ஃபர்ட்டிலிருந்து வந்திருக்கும் தேவாலயப் பங்கின் முதியோர் குழு. "அட்ராக்டா, இது பெல்ட்டா, ஷாலா? தோள்ல போட்டுக்கிட்டு அழகு பார்க்காதீங்க, மாட்டுங்க!" அட்ராக்டா சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

கெர்ரி கடலோரச் சுற்றுப் பாதையில் இருபத்திரண்டு வருடமாக இவர்தான் வழிகாட்டி. ஏரியும் மலையும் எங்கே ஓடிவிடப் போகின்றன? முதலில் அவசரக் கதவு, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், வாந்திப் பை. எல்லாவற்றுக்கும் ஒரு கதை, ஒரு கேலி. பயணிகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அலுவலகத்துக்குத்தான் எரிச்சல். போன வாரம் மேலாளர் டெர்மட் கடிதமே கொடுத்துவிட்டார்: இன்னொரு முறை பேருந்து தாமதமானால், இந்தத் தடத்தில் பதிவுசெய்த குரல்தான் பேசும். படித்ததும் கன்செப்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை; வேறு ஆசையும் இல்லை.

"உடம்புக்கு என்ன?" என்று மட்டும் யாரையும் கேட்கமாட்டார். கேட்டு என்ன பயன்? கால் முறிந்து கிடந்தாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிற ஜனங்கள்! அதனால் தேநீர்தான் அவருடைய சோதனை. முதல் தடவை கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்பார்கள், அது மரியாதை. இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவை "சரி, அரைக் கப்" என்று ஆரம்பித்து இரண்டு கப் குடிப்பார்கள்.

அன்று, செவ்வாய்க்கிழமை, ஸ்னீம் ஊரில் தேநீருக்கு நிறுத்தியபோது, மாலகி ஹெஷன் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரர் மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றார். கன்செப்டா குனிந்து மாலகியின் முகத்தைப் பார்த்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"வெயில் ஜாஸ்திம்மா."

"வெயிலா? வெளியில மழை கொட்டுது மாலகி!"

"காலையிலேர்ந்து நெஞ்சு கொஞ்சம் இறுக்கிப் பிடிக்குது. என்னால எல்லாரோட பயணமும் கெடணுமான்னு..."

"பத்து நிமிஷம் லேட் ஆயிடுச்சு" என்று எட்டிப் பார்த்தார் ஓட்டுநர் ஃபின்டன். "லெட்டர் ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. இன்ஜினை நிறுத்துப்பா."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மாலகியைச் சாய்த்து உட்காரவைத்துச் சட்டைப் பித்தானைத் தளர்த்தினார். யாரோ ஜெபமாலையை எடுத்தார்கள். "அதுக்குள்ள அவரை மேலே அனுப்பி வைக்காதீங்க, ஏதாவது பாட்டுப் பாடுங்க!" என்று கன்செப்டாவின் அதட்டல். பாடினார்கள், சுருதி சேராமல். நாற்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. மாரடைப்பின் தொடக்கம் என்றார்கள். மலைப்பாதையில் ஏறிய பிறகென்றால் காப்பாற்றுவது கஷ்டமாம்.

"மிச்ச ஊரைப் பார்க்காமப் போறேனே!" என்று படுக்கையிலிருந்தே புலம்பினார் மாலகி.

"அடுத்த வருஷம் வாங்க. ஜன்னலோரம் உங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டார். அடுத்த வருடம் இந்த வேலையில் தாம் இருப்போமா என்றுதான் தெரியவில்லை. அலுவலகம் இருக்கும் கில்லார்னிக்குத் திரும்பும்போது ஒன்றரை மணி நேரத் தாமதம். டெர்மட் வாசலிலேயே நின்றிருந்தார், கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு.

"கன்செப்டா, எத்தனை தடவைதான் உங்ககிட்ட..."

கன்செப்டா காதில் வாங்கவில்லை. பேருந்தின் கதவருகே அட்ராக்டா கீழே பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தார். கன்செப்டா டெர்மட்டின் கடிகாரக் கையை எட்டிப் பிடித்தார். இழுத்து அட்ராக்டாவின் கையில் கொடுத்தார்.

"படி வழுக்குது, கெட்டியாப் பிடிங்க. பின்னால இன்னும் முப்பத்தொன்பது பேர் இருக்காங்க."