விக்கிரவாண்டியில் சொன்ன ‘வர்றேன்’

ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக்கொண்டிருந்த சிஸ்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“கூட யாருங்க இருப்பாங்க?”

“இருப்பாங்க” என்றேன்.

“யாருன்னு கேட்டேன்.”

“ஆளு வரும்ங்க.”

சேர்க்கிற அன்றே உறவுக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்கு அனுப்புகிறவரை கூடவே இருக்க வேண்டும், ஆள் இல்லாவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று சொல்லி சீட்டை நீட்டினார். சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கே அந்தக் கேள்வி வந்தது. யார் வருவார்கள்?

எனக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும். படுத்தால் உள்ளே போய்விடும். திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வண்டி ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷமாக டோக்கன் போடுகிறேன். பூட்டிவிட்டுப் போன பைக்குகளைப் பின்சக்கரத்தில் தூக்கித் தூக்கி ஒதுக்கினால்தான் இன்னும் நாலு வண்டிக்கு இடம் கிடைக்கும். அப்படித் தூக்கியதில் வந்ததாக இருக்கும் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் போட்டு வைக்கக்கூடாது, குடல் மாட்டிக்கொண்டால் வம்பு என்றார். பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொன்னால் நான் அன்றிலிருந்து பயப்பட ஆரம்பிப்பேன். என் சுபாவம் அது. எட்டாவது பரீட்சைக்கு முந்தின நாள் எனக்கு வயிற்றால் போனது. அடுத்த வருஷமும் போனது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு இடம் பார்த்தார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் இரண்டு பெண்களுக்குமே வேறு இடத்தில் முடிந்துவிட்டது.

ஸ்டாண்டில் தினமும் எத்தனையோ பேர் வண்டியை என்னை நம்பி விட்டுவிட்டு ரயில் ஏறுகிறார்கள். எல்லோருடைய வண்டி நம்பரும் எனக்குத் தெரியும். யாருக்கு எந்த நாளில் லேட்டாகும், யார் ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் போவார் என்பதும் தெரியும். பேர் தெரியாது. அவர்களுக்கும் நான் அண்ணன்தான், என் பேர் யாருக்கும் தெரியாது. அவர்களில் ஒருவரைப் போய், எனக்கு ஆபரேஷன், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஸ்டாண்டு முதலாளி தூரத்தில் இருக்கிறார். போனில் சொன்னேன். “தாராளமா லீவு எடுத்துக்கப்பா” என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

கடைசியில் ஒரே ஓர் ஆள் மிஞ்சினார். பனமலையில் இருக்கும் மாமா. என் அக்காவின் வீட்டுக்காரர். அக்கா போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. கருமாதிக்குப் போய்விட்டு வந்தவன், அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. அக்கா இல்லாத வீட்டுக்கு நான் போனால், அவளுடைய நகை எதையாவது கேட்டு வந்திருக்கிறான் என்று நினைப்பாரோ என்று முதலில் யோசித்தேன். அதற்குள் ஆறு மாதம் போய்விட்டது. இத்தனை நாள் வராதவன் இப்போது ஏன் வருகிறான் என்று நினைப்பாரோ என்று அப்புறம் யோசித்தேன். அப்படியே நாலு வருஷம்.

மூன்று தடவை போனை எடுத்து வைத்துவிட்டு நாலாவது தடவை பேசினேன்.

“மாமா, நான்தான். திண்டிவனத்துலேர்ந்து.”

“சொல்லு மச்சான்.” நேற்றுப் பேசியவர் மாதிரி சொன்னார்.

“ஒரு ஆபரேஷனு. பெருசா ஒன்னும் இல்ல. கூட ஒரு ஆளு இருக்கணுமாம்.”

“எந்நிக்கி?”

“பொதங்கெழம சேத்துக்குவாங்க. வியாழக்கெழம பண்ணுவாங்க.”

பின்னால் மாடு கத்தியது. “சரி” என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை எனக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு மஞ்சள் பை, ஒரு தூக்குப் பாத்திரம். தலை முழுக்க நரைத்திருந்தது. வார்டில் சிஸ்டர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, “நீங்க இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார்.

“அக்கா வீட்டுக்காரருங்க” என்று நான் சொன்னேன்.

“அப்ப அக்கா வரலியா?”

“இல்லீங்க” என்றார் மாமா. எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாயந்திரம் அதே சிஸ்டர் வந்து, மறுநாள் ஆபரேஷன் இருக்கும் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்துச் சொன்னார். ராத்திரி சாப்பாட்டோடு சரி, அப்புறம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. தண்ணீரைப் பற்றியும் சொல்லியிருப்பார். நான் அப்போது செருப்பை எங்கே விடுவது என்ற யோசனையில் இருந்தேன். அவர் முடித்ததும் கேட்க ஆரம்பித்தேன். செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல், மயக்க மருந்து பாதியில் தெளிந்துவிட்டால் என்ன செய்வது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், “அண்ணே, நான் டீ குடிக்கப் போலாமா?” என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

விடியும்போதே பசி எடுத்துவிட்டது. வெறும் வயிற்றில் மயங்கி விழுந்துவிடுவேனோ என்று மாமாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

“சோறுதானே சாப்புடக் கூடாதுன்னாங்க. கூழு குடிக்கலாம் இல்ல? அது என்னா பண்ணப் போவுது?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் காலையில் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால், இன்னும் இல்லை, கூழ்தான் குடித்தேன் என்றுதான் சொல்லுவோம். கூழ் என்றைக்குமே சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்தது கிடையாது. தூக்கில் இருந்த கேப்பைக் கூழைக் கரைத்து ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தார். வெங்காயம் வேண்டாம் என்று நானே சொன்னேன், அந்த மட்டும் ஜாக்கிரதையாக இருப்போம் என்று.

எட்டு மணிக்கு சிஸ்டர் வந்தார்.

“காலைல எதுனா சாப்பிட்டீங்களா?”

“ஒன்னும் சாப்பிடலைங்க.”

“டீ, காபி?”

“இல்லீங்க. கூழுதான் கொஞ்சம் குடிச்சேன்.”

அவர் பேனாவை மூடினார். “கூழா?”

மாமா எழுந்து நின்று எனக்காகப் பேசினார். “சாப்புடலம்மா. குடிச்சான். ஒரு சொம்புதான். கெட்டியாகூட இல்ல, நான்தான் கரைச்சி ஊத்துனேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் விடவில்லை. “ஏன் பெரியவரே, உள்ள போறது கூழா சோறான்னு வயிறு நின்னு விசாரிச்சிக்கினு இருக்குமா?”

மயக்க மருந்து டாக்டர் வந்தார். அவர் திட்டவில்லை. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். “அட்டெண்டரோட வாங்க” என்று சிஸ்டர் மாமாவையும் ஒரு பார்வை பார்த்தார்.

திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். பனமலைக்குப் போக அவர் விக்கிரவாண்டியில் இறங்க வேண்டும். வீட்டில் அவருக்கு இரண்டு மாடு. காட்டில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். எல்லாவற்றையும் யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தவரைத் திரும்பவும் எப்படிக் கூப்பிடுவது? விக்கிரவாண்டியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“வர்றேன் மச்சான்” என்றார். இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து நாலு நாள் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல ஆளும் இல்லை. திங்கட்கிழமை வருகிறேன் என்றாரா? இல்லை, எல்லோரும் போகும்போது சொல்லுகிற வர்றேனா? நம் ஊரில் பிணத்துக்கு மாலை போட வந்தவர் தவிர மற்ற எல்லோரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுத்தால், வர்றேண்ணே என்று எத்தனை பேர் சொல்கிறார்கள். அவர் சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நான் அவருடைய பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், முகம் ஞாபகம் இல்லை. போன் போட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால், முடியாது மச்சான் என்று சொல்ல நானே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கேட்காதவரை அவர் வருவதற்கு இடம் இருந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் சார்ஜ் போட இடம் கிடைக்காதே என்று போனை அணைத்துப் பையில் வைத்தேன். வாசலில் மாமா இல்லை.

சிஸ்டர் ஃபாரத்தை எடுத்தார். “கூட யாரு?”

“வர்றாருங்க.”

பதினொரு மணிக்கு ஒரு தடவை கேட்டார். பன்னிரண்டுக்கு ஒரு தடவை. வார்டில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஆட்கள். ஒருத்தருக்கு மனைவி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தருக்கு மூன்று மகள்கள், தூங்க விடாமல் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்ததால் ஒரு அம்மா வந்து, “இது யாருக்கும் இல்லீங்களா?” என்று கேட்டு எடுத்துப் போனார். இருக்கிறார் என்று சொல்ல முடியவில்லை. எடுத்துக்குங்க என்றேன்.

இரண்டு மணிக்கு நானே எழுந்து சிஸ்டர் மேஜைக்குப் போனேன்.

“யாரும் இல்லைங்க” என்றேன். “பொய் சொல்லிட்டேன். என்னை அனுப்பிடுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “யாரும் இல்லியா? அந்தக் கூழ்காரரு, பாஸ் இல்லாம உள்ள விட மாட்டேன்றாங்கன்னு கீழ செக்யூரிட்டிகிட்ட மல்லு கட்டிக்கினு இருக்காரே, அவரு யாரு?”

மாமா மேலே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

“ஏன்டா, உனுக்கு எதுனா அறிவு இருக்கா? போன தபாதான் தனியா வந்தான், இந்த தபா வூட்டாண்டேர்ந்து நாமளே இட்டுனு போவலாம்னு காலைலயே திண்டிவனம் போனா, வூடு பூட்டிக் கெடக்குது. உன் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் குந்திக்கினு இருந்தேன். போன் போட்டா அணைச்சி வச்சிருக்க. ஒரே பேஜாராப் போச்சி. போன் என்னாத்துக்கு வச்சிக்கினு இருக்க, அழகுக்கா?”

“சார்ஜு போயிடும்னு…”

“உன் சார்ஜுல இடி வுழ!”

“நீங்க வருவீங்கன்னு தெரியாது மாமா.”

“அன்னிக்கே சொன்னேன் இல்ல, வர்றேன்னு?”

“அது, போயிட்டு வர்றேன்னு சொன்னதுன்னு நெனச்சேன்.”

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “போயிட்டுத்தானே வந்திருக்கேன்” என்றார்.

மறுநாள் காலையில் மாமாவிடம் தூக்கு இல்லை. அவரும் ஒன்றும் குடிக்கவில்லை. போய் டீயாவது குடியுங்கள் என்றேன். “நீ பாத்துக்கினு இருக்கறப்ப நான் மட்டும் குடிக்கறதா?” என்றார். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிற தள்ளுவண்டி வருகிறவரை அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

“நாலு வருசமா நீ வரல. நான் எதுனா பேசிட்டனா மச்சான்?”

“இல்ல மாமா.”

“பின்ன?”

நகை விஷயத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. அவர் என் செருப்பை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று நாள் இருந்தோம். என்னைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். “உங்கக்கா மட்டும் இருந்திருந்தா இந்நேரம் சிஸ்டரையே வேல வாங்கியிருப்பா” என்று ஒரு தடவை சொன்னார். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, திண்டிவனம்வரை வருகிறேன் என்றார். மாடு காத்திருக்கும், வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். விக்கிரவாண்டியில் எழுந்து, “வர்றேன் மச்சான். போனை அணைக்காத” என்றார். இறங்கி ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

“நான் வர்றேன் மாமா” என்றேன்.

“எங்க?”

“பனமலைக்கு.”

“மொதல்ல தையலு காயட்டும்” என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.

தையல் காய்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டாண்டில் வண்டி தூக்க வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். நான் டோக்கன் மட்டும் கிழிக்கிறேன். போனை அணைப்பதில்லை. அது அடிப்பதும் இல்லை. இன்னும் நான் பனமலைக்குப் போகவில்லை. போனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் வேறு ஒரு பயம் வந்திருக்கிறது. நான் ஜன்னலிலிருந்து சொன்னது எந்த வர்றேன் என்று அவர் அங்கே யோசித்துக்கொண்டிருப்பாரோ? அவர் அப்படி யோசிக்கிற ஆள் இல்லை. ஆனால், நான் எதுனா பேசிட்டனா என்று நாலு வருஷம் யோசித்தவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் வண்டி குறைவு. வண்டி தூக்குகிற ஆள் ஒருத்தரே போதும்.