தோசைக் கல்லில் அடித்த தந்தி

தொண்ணூறுகளின் பாதியைத் தாண்டிய சமயம் அது. திருவண்ணாமலையில் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவருக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. அது பிழைப்புக்கு. உயிரெல்லாம் ஹாம் ரேடியோவில். வீட்டில் உட்கார்ந்தபடியே ரேடியோ மூலம் ஊர் ஊராக முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. மற்ற வீட்டு ஆண்களுக்குச் சீட்டு, சினிமா என்று இருக்க, என் தலையில் இப்படி எழுதியிருந்தது.

மொட்டை மாடியில் ஓர் இரும்புக் குழாய். அதிலிருந்து கீழ்வீட்டு ஹவுஸ் ஓனரின் தென்னை மரம் வரை ஏரியலாக ஒரு செம்புக் கம்பி. அதில் துணி காயப் போடலாமா என்று கேட்டதற்கே என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. படுக்கையறையில் பாதியை அவர் தன் கையாலேயே செய்த ரேடியோ செட்டு பிடித்துக்கொண்டது. எல்லாம் தயார். ஆனால் பேச முடியாது. அதற்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குச் சென்னையில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும்.

அந்தப் பரீட்சையில் மோர்ஸ் என்று ஒரு தந்தி பாஷை. சின்ன 'பீப்' என்றால் புள்ளி, நீளமாக வந்தால் கோடு. இரண்டும் கலந்து வந்தால் ஓர் ஆங்கில எழுத்து. இவர் என்ன செய்தார்? அட்டையில் புள்ளியும் கோடுமாக எழுதிச் சுவரில் ஒட்டினார். கேசட்டைப் போட்டு, பீப்பை எண்ணி எண்ணிக் குறித்து, அட்டையைப் பார்த்து எழுத்தைத் தேடுவார். அவர் ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கேசட் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். காலையும் மாலையும் வீடெல்லாம் பீப் பீப்தான். அடுப்படியில் நின்ற எனக்கு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் அது மண்டைக்குள் இறங்கிவிட்டது.

பரீட்சைக்குத் தனியாகப் போக அவருக்கு உதறல். "நீயும் எழுதும்மா, கம்பெனிக்கு" என்று எனக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டார். தி.நகரில் புடவை எடுத்துத் தருவதாகப் பேச்சு. புடவைக்காகத்தான் போனேன். முடிவு வந்தது. நான் பாஸ். அவர் ஃபெயில்!

லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் என்னைப் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். யாரோடு பேசப் போகிறீர்கள் என்று கேட்டார். தெரியாதவர்களோடு என்றேன். "தெரியாதவங்ககிட்ட பேசறதுக்கு லைசென்ஸாம்மா? எங்க வீட்ல அது இல்லாமயே நடக்குதே" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார்.

லைசென்ஸ் என் பெயரில் வந்தது. அதன் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். காலையில் தமிழ்நாடு முழுக்க இருக்கும் ஹாம்காரர்கள் ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். மைக்கைப் பிடித்துப் பேச எனக்குத்தான் உரிமை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஓதுவார். நான் ஒப்பிப்பேன். "உங்க ஏரியல் எவ்ளோ உயரம்னு இவரு கேக்கறாரு", "உங்க பேச்சுல கரகரப்பு ஜாஸ்தின்னு இவரு சொல்றாரு." ஏரியலைப் பற்றி எத்தனை நாள் பேசுவது? நடுவில் நானாக, உங்கள் ஊரில் மழையா, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான், எனக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாருக்காவது வாழைப்பூ வடை சரியாக வரவில்லை என்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இதற்கிடையில் அவர் இரண்டாவது முறை எழுதி, மறுபடியும் மோர்ஸில் தோற்றார். மறுநாள் காலை ரேடியோவில் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு நண்பர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, விளையாட்டாகத்தான், "விடுங்க மேடம், சாரு உங்களுக்கு அசிஸ்டெண்டாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஊர் ஊராகச் சிரிப்பு கேட்டது. இவர் எழுந்து சுவிட்சை அணைத்தார். அன்றைக்கே வேலூரில் தெரிந்த ஒரு ஹாம்காரருக்குப் போன் போட்டு, செட்டு, குழாய், கம்பி எல்லாவற்றையும் விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசி ஞாயிறு அவர் வருவதாக ஏற்பாடு. அதோடு என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். நான் செய்த குற்றம், பாஸானதுதான்.

படுக்கையறை மீண்டும் நமக்கே என்று முதல் நாள் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். இரண்டாம் நாளே தாங்கவில்லை. கஷாயம் குடித்த முகத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். கட்டின நாளிலிருந்து அவர் கண்ணில் வெளிச்சம் வந்து நான் பார்த்தது அந்தச் செட்டுக்கு முன்னால்தான். அது போய்விட்டால் இந்த ஆளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று பயம் வந்தது.

ஒருநாள் காலை தோசைக்கு மாவு எடுத்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று கேட்டேன். பேப்பரில் முகத்தைப் புதைத்திருந்தார். மறுபடி கேட்டேன். சுவரிடம் கேட்டிருக்கலாம். வந்தது பாருங்கள் கோபம்! தோசைத் திருப்பியால் காய்ந்த கல்லில் ஓர் இழுப்பு, இரண்டு தட்டு. மூன்று இழுப்பு. மூன்று தட்டு. ஒரு தட்டு, ஓர் இழுப்பு. தட்டினால் புள்ளி, இழுத்தால் கோடு. DOSA என்று அடித்துவிட்டேன்.

"ரெண்டு போதும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவருக்கும் ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. பேப்பரை இறக்கி, சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். எண்ணவும் இல்லை, எழுதவும் இல்லை, காது தானாகவே வாங்கியிருக்கிறது! உடனே COFFEE என்று அடித்தேன். எழுந்து டம்ளரோடு வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை, ரோஷம். எனக்கும் ரோஷம் இருக்காதா? காதே போதும், இனி எதற்கு என்று அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இனிமேல் இந்த வீட்டில் எது வேண்டுமானாலும் தட்டித்தான் கேட்க வேண்டும் என்று தட்டியே சொன்னேன்.

அதன்பின் எங்கள் வீடு பாத்திரக் கடை மாதிரி ஆகிவிட்டது. அவருக்குச் சட்னி வேண்டுமென்றால் தட்டில் ஸ்பூனால் தட்டியும் தேய்த்தும் கேட்பார். முதல் நாள் அவர் கேட்டு முடிப்பதற்குள் தோசை ஆறி அப்பளமானது. எழுத்துத் தப்பினால் சட்னி கிடையாது. பசி இருக்கிறதே, அதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது. நாளுக்கு நாள் வேகம் கூடியது.

ஹவுஸ் ஓனர் அக்கா பதறிக்கொண்டு மாடிக்கு வந்தார். "இன்னாம்மா இது, தெனமும் பாத்திரத்தை எடுத்து அடிச்சிக்கறீங்களாமே, தெருவே பேசுது." விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. அவர் கேட்கக் கேட்கத் தட்டிக் காட்டியதும் ஆசை வந்துவிட்டது. கீழே குழாயில் தண்ணீர் வந்தால் மாடிக்கு எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொண்டு போனார். மறுநாள் விடியற்காலை மாடிப்படிக் கம்பியில் குடத்தால் அடித்த அடியில் தெருவே எழுந்துகொண்டது. எங்களுக்குத் தண்ணீர் மட்டும் நேரத்துக்குக் கிடைத்தது.

இத்தனைக்கும் வேலூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வரப்போவது மாறவில்லை. விற்காதீர்கள் என்று எத்தனை தடவை கல்லில் அடித்தும், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று தட்டில் பதில் வந்தது. வாக்கு ஒரு சாக்குதான். மூன்றாவது தடவையும் தோற்றால் என்ன செய்வது என்கிற பயம் அவருக்கு.

வேலூர்க்காரர் வேனோடு வந்துவிட்டார். நல்ல ஆகிருதி, சிரித்த முகம். கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். இவர் படுக்கையறையில் செட்டின் ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு ஒயராகக் கழற்றும்போது முகத்தைப் பார்க்கவேண்டுமே! வந்தவர் முன்னால் சண்டை போடவும் முடியாது. அடுப்படிக்கு ஓடினேன். யாருக்கும் தெரியாமல் இவருக்கு மட்டும் சேதி சொல்ல ஒரு வழி இருக்கவே இருக்கிறது என்று, கல்லை எடுத்து வைத்து வேக வேகமாக அடித்தேன்: SAY SET BURNT. செட்டு எரிந்து போச்சு என்று சொல்லிவிடுங்கள்!

கூடத்திலிருந்து டவராவில் டம்ளர் தட்டும் சத்தமும் இழுபடும் சத்தமும் நிதானமாக, அழகாக வந்தது: VERY SAD.

அடி ஆத்தி! வந்தவரும் ஹாம்காரர், பரீட்சை எழுதிப் பாஸானவர், அவருக்கும் இந்தப் பாஷை தெரியும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. நிலைப்படியில் தலையை நீட்டினேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் மெதுவா அடிங்க அண்ணி, வயசான காது" என்றார். என் கணவர் ஒயரைக் கையில் பிடித்தபடி படுக்கையறை வாசலில் கல்லாக நின்றார்.

சிரித்து ஓய்ந்ததும் வேலூர்க்காரர் இவரைப் பார்த்து, "நான் இங்கேர்ந்து வாசிச்சுட்டேன், சரி. நீங்களும் வாசிச்சுட்டீங்கதானே?" என்றார். இவர் தலையாட்டினார். "அப்ப எதுக்கு சார் விக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், டம்ளரை எடுத்து ஒரு முழுப் பாராவையே தட்டினார். பரீட்சை வேகத்துக்கும் மேலே. இவர் கண்ணை மூடிக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்று தப்பவில்லை. முடிந்ததும் அந்த நல்ல மனிதர், கழற்றிய ஒயர்களைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு, வெறும் வேனை ஓட்டிக்கொண்டு வேலூருக்குத் திரும்பினார். மூன்றாவது பரீட்சைக்குச் சென்னை வரைக்கும் கூடவே வந்தார்.

பாஸாகி, போலீஸ்காரர் விசாரித்து, லைசென்ஸ் வந்துசேரப் பல மாதம் ஆனது. அந்த முதல் காலையில் லைசென்ஸில் தனக்கென்று கொடுத்த சொந்த அழைப்புக் குறியைச் சொல்லி இவர் மைக்கைப் பிடித்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அவருக்கு நான் இனி வேண்டியதில்லை என்று லேசாக ஒரு வருத்தம் எனக்கு. எங்கெங்கிருந்தோ வாழ்த்துகள் வந்தன. யாரோ, எந்த மாஸ்டரிடம் படித்தீர்கள் சார் என்று கேட்டார்கள். தோற்றதைப் பற்றித் தன் வாயால் மூச்சு விடாத மனுஷன், அத்தனை ஊரும் கேட்க, "நான் ரெண்டு தடவை ஃபெயிலுங்க. வீட்டுக்காரிகிட்ட பேசாமகூட இருந்தேன். ஆனா அவ என்னை விடல. அவதான் மாஸ்டர்" என்றார். நான் தோசைத் திருப்பியை எடுத்து, கல்லில் COFFEE என்று தட்டினேன்.

எவ்வளவோ தூரத்து மனிதர்களோடெல்லாம் பேசிப் பழகிவிட்டோம். ஆனாலும் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும்போது இருக்கிற தூரம்தான் பெரிய தூரம் என்று அன்றைக்குப் புரிந்ததால், இன்றும் எங்களுக்குள் பேச்சு நின்றால், யார் முதலில் என்று கணக்குப் பார்க்காமல் நானே கரண்டியைக் கையில் எடுத்துவிடுகிறேன்.