படப்பாட்டு பாடாத பாண்டிச்செல்வி

செய்தி எனக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகத்தான் வந்தது. பாண்டிச்செல்வி அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம், கீழே 'கண்ணீர் அஞ்சலி', பின்னணியில் ஏதோ ஒரு சினிமாச் சோகப் பாட்டு. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்துமூன்று வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் பத்தாம் நாள் இல்லை. ஸ்டேட்டஸ் வைத்தவருக்குப் போன் செய்து, அந்தப் பாட்டை முதலில் எடுங்கள் என்றேன். ஏன், நல்ல பாட்டுதானே என்றார். நல்ல பாட்டுதான். அக்காவின் பாட்டு இல்லை, அவ்வளவுதான்.

அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டுமாவடிக்காரர். ஆவுடையார்கோவில் கடைவீதியில் ஒரு ஆன்லைன் சென்டரில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களின் விண்ணப்பங்களை டைப் அடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பாட்டு எழுதுவார். மெட்டும் அவருடையதுதான். கிடார் வாசிக்க சரவணன் என்று மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவர். யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டால் இருநூறு பேர் பார்ப்பார்கள். அதில் நாற்பது தடவை நானே பார்த்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையில் அவருக்கு இரங்கல் கூட்டம். அதில் வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கூடவே, 'அந்த மண்டபத்து விஷயம்' வேண்டாம், இனிமையாக எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். கூட்டத்தின் முடிவில் ஒரு மெல்லிசைக் குழு சினிமாப் பாடல்களால் அவருக்கு அஞ்சலி செலுத்தப் போகிறதாம். ஆகவே அந்த மண்டபத்து விஷயத்தைத் தவிர வேறு எதையும் நான் எழுதப்போவதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்பு நான் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முதல் கச்சேரி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில், மாலை ஆறரை மணிக்கு என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டனிடம் சித்தி வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போனேன். முப்பது பேர் இருந்தால் அதிகம் என்று நினைத்துப் போனால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள், மடியில் ஜவுளிக்கடைப் பைகள். என் ஆளுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு நிமிடம்தான்.

காரணம் வாசலில் தொங்கியது. பேனர் அடிக்கும் கடைக்காரர், கச்சேரி என்று சொன்னதும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த டிசைனை எடுத்து, பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறார். 'மாபெரும் திரைப்பட மெல்லிசை விருந்து' என்ற தலைப்பு அப்படியே இருந்தது. அதை நம்பித்தான் கடைவீதிக்கு வந்த கூட்டமெல்லாம் மாடி ஏறியிருந்தது. மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டையில், என் பெரியப்பா. அவருக்கு அந்த வீதியிலேயே கடை. அவர் பக்கத்தில் பெரியம்மா. நான் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் பாட்டு முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. இரண்டாம் பாட்டு நடக்கும்போதே சீட்டுகள் போக ஆரம்பித்தன. நம் ஊர்த் திருவிழாக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள், விரும்பிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி, கீழே பெயரும் ஊரும் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி மேடைக்கு அனுப்புவது. அக்காவின் காலடியில் பத்துப் பன்னிரண்டு சீட்டு சேர்ந்துவிட்டது. எல்லாம் படப்பாட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அக்காவின் 'சர்வர் டவுன்' பாட்டைப் பாடச் சொல்லி எழுதினேன். எழுதிய கை சும்மா இருக்கவில்லை. எல்லோரும் எழுதுகிற பழக்கத்தில் கீழே 'பானுமதி, அறந்தாங்கி' என்று போட்டு அனுப்பிவிட்டேன். தாள் இரண்டு வரிசை தாண்டிய பிறகுதான் நான் செய்த முட்டாள்தனம் உறைத்தது.

அதற்குள் நிகழ்ச்சியை நடத்தியவர் மேடை ஏறியிருந்தார். கூட்டம் கலைகிறது, இரண்டு படப்பாட்டு பாடிச் சமாளித்துவிடுங்கள் என்று அவர் அக்காவின் காதில் சொன்னது மைக்கில் எங்களுக்கும் கேட்டது. அக்கா கோபப்படவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"பேனர்ல தப்பாப் போட்டுட்டாங்க. அதுக்காக நான் தப்பாப் பாட முடியாதுங்க. படப்பாட்டுப் பாட ஆயிரம் பேரு இருக்காங்க. ஏம் பாட்டப் பாட நான் ஒருத்திதான இருக்கேன்."

விசில் பறந்தது, பாராட்டி அல்ல. குடும்பங்கள் எழுந்தன. பிறகு மைக் செத்துப்போனது. கரண்ட் இருந்தது, விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, மைக் மட்டும் செத்தது. யார் அணைக்கச் சொன்னது என்பது அன்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இன்று மலர் போடுகிறவர்களுக்கும் தெரியும்.

அக்கா குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். மைக் இல்லாமலே கேட்டார்.

"அறந்தாங்கி பானுமதி யாரு?"

பெரியப்பா வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். அறந்தாங்கியில் ஆயிரம் பானுமதி இருப்பார்கள், நான் தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுந்தால் வீட்டுக்குத் தெரியும். படிப்பு என்னாகும் என்றே சொல்ல முடியாது. அக்கா சீட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்த நூற்றைம்பது பேரில் அவருடைய பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்பிய ஒரே ஆள் நான். நானும் ஒளிந்துகொண்டால் பிறகு நான் என்ன ரசிகை? துப்பட்டாவை இறக்கிவிட்டு எழுந்து நின்றேன்.

அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தார். நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சரவணன் அண்ணன் தரையில் சம்மணமிட்டார். போகாமல் இருந்தவர்கள் பதினாலு பேர், சுற்றி வந்து உட்கார்ந்தோம். ஆன்லைன் சென்டருக்குச் சான்றிதழ் வாங்க வரும் ஒரு கிழவியின் பாட்டு அது. 'சர்வரு டவுனுங்க ஆத்தா, நாளைக்கு வாங்க' என்று சென்டர்க்காரி திரும்பத் திரும்பச் சொல்வாள். கடைசியில் கிழவி பதில் சொல்வாள்:

"போகமாட்டேன் தாயி, இங்கிட்டேதான் இருப்பேன்
ஒஞ் சர்வரு எந்திரிச்சு வர்ற வரைக்கும் இருப்பேன்."

பதினாலு பேரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டோம். படி இறங்கிக்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். அப்படி ஏழு பாட்டு. இதைவிட நல்ல கச்சேரியை நான் இன்றுவரை கேட்டதில்லை. ரசிகையின் மிகை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை நீட்டவேண்டாம். அன்றே பெரியப்பாவிடமிருந்து அப்பாவுக்குப் போன் போய்விட்டது. மறுவாரம் அப்பா வந்து ஹாஸ்டலைக் காலி செய்தார். மீதிப் படிப்பை அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து முடித்தேன். என் போன் ஆறு மாதம் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஒருநாள்கூட நான் வருத்தப்படவில்லை.

அறந்தாங்கியில் தடுக்கி விழுந்தால் ஜெராக்ஸ் கடை. ஆனாலும் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஒருநாள் ஆவுடையார்கோவிலுக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். டீ வாங்கித் தந்தார். வீட்டில் பட்டதையெல்லாம் சொன்னேன். அப்போது அவர் சொன்னதை இன்றுதான் முதல்முறையாக வெளியில் சொல்கிறேன்.

"மைக் போனப்ப நான் கெளம்பிட்டேன் பானு. செருப்பத் தேடுறதுக்குத்தான் குனிஞ்சேன். சீட்டெல்லாம் அங்கன கெடந்துச்சு. நீ எந்திரிக்கலன்னா அன்னைக்கோட பாடுறத விட்டிருப்பேன்."

அவரை அசையாத மலை என்றெல்லாம் வெள்ளிக்கிழமை பேசுவார்கள். மலையெல்லாம் இல்லை. அவமானப்பட்டார், வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தார், ஆனால் உட்கார்ந்து பாடினார். எனக்கு அந்த அக்காவைத்தான் பிடிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா போய் ஒன்பதாவது நாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அத்தை, பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே என்றார். அம்மா என் காதில் ஒரு படப்பாட்டின் பெயரைச் சொன்னார். நான் 'சர்வர் டவுன்' பாடினேன். நாலு சரணமும், ஒன்றுகூட விடாமல். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அத்தை சிரித்தார். "நல்லாருக்கே. இது எந்தப் படத்துல வருது?"

"எந்தப் படத்துலயும் வராதுங்க. பாண்டிச்செல்வின்னு ஒருத்தங்க எழுதிப் பாடுனது. இன்னும் பதினாறு பாட்டு இருக்கு. பாடவா?"

அவர்கள் வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பதினேழு பாட்டும்தான், வரிக்கு வரி மனப்பாடமாக. இதை மலரில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டால் நானே நகலெடுத்து, கூட்டம் நடக்கும் இடத்து வாசலில் நின்று கொடுப்பேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்வரிசையில் வந்து உட்காருவேன். அவர்கள் படப்பாட்டை ஆரம்பித்தால் நானும் ஆரம்பிப்பேன்.