கேமராவுக்கு ஒரு மூடி

இன்று கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டத்தில் இடிபட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் சார்ஜர் வாங்கப் போனேன்.

கடைக்காரர் சார்ஜரோடு நகம் அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக்கையும் எடுத்து வைத்தார்.

"இது இன்னாது?"

"லேப்டாப் கேமராவுக்கு மூடிக்கா. ஒட்டிட்டா நல்லது. இல்லாட்டி எவனாவது உள்ள பூந்து உங்க வீட்டையே பாத்துனு இருப்பான்."

எனக்குக் கேமராவைவிட அவர்மேல்தான் சந்தேகம் வந்தது. போன மாதம் கொசு விரட்டும் விளக்கு என்று ஒன்றை என் தலையில் கட்டியவர் இவர்தான். கொசுக்கள் இப்போது வெளிச்சத்தில் வசதியாகக் கடிக்கின்றன.

"உங்க லேப்டாப்ல ஒட்டிருக்கீங்களா? திருப்புங்க, பாக்கலாம்."

தயங்கித் தயங்கித் திருப்பினார். கேமராவின் மேல் மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு!

"வீட்ல ஒட்டி உட்டாங்கக்கா," என்றார் தரையைப் பார்த்து.

சார்ஜரை மட்டும் வாங்கி வந்து, நானும் ஒரு பொட்டை எடுத்து ஒட்டிவிட்டேன்.

ஆனால் அவர் கிளப்பிய பயம் போகவில்லை. போனுக்கு முன்னால் ஒரு கண், பின்னால் மூன்று கண். அவற்றுக்கும் ஒட்டியாகிவிட்டது. சொன்னால் பாட்டுப் போடும் ஸ்பீக்கர் ஒன்று சமையலறையில் இருக்கிறது. அதற்குக் கண் இல்லை, காதுதான்.

காதுக்கு என்ன ஒட்டுவது? தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டாம்.