மேல் வீட்டு வைஃபை

கைப்பேசியின் கண்ணாடியைத் தலைத்துணியின் முனையால் துடைத்துவிட்டு, "யாரு வரல?" என்று கேட்பார் வர்தியா. கேட்ட பிறகுதான் படம். வராதவர் பெயரை யாராவது சொன்னால், "அவளுக்கு எடம் விட்டு நில்லுங்க" என்பார். அதனால் அவர் எடுத்த படங்களில் பல் விழுந்த வாய் மாதிரி எங்காவது ஓர் இடைவெளி இருக்கும். பாலர் பள்ளியில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டு வைக்கும்போது வராத பிள்ளைகளை எண்ணிய பழக்கம் இன்னும் போகவில்லை.

இப்போது குடியிருப்பது அல்ஜியர்ஸ் நகரத்துக்கு வெளியே, புதுக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில். மின்தூக்கி அருகே நிற்கும் புது அண்டை வீட்டாரிடமும் இதே கேள்வியைக் கேட்கிறார். அவர்கள் விழிக்கிறார்கள். யார் வரவில்லை என்று சொல்ல, யார் வரவேண்டும் என்று முதலில் தெரிய வேண்டுமே!

நகரத்துக்குள்ளே, பாப் அல்-வாத் பகுதியில் முன்பு குடியிருந்த பழைய கட்டடத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது படிக்கட்டு ஏறும்போதே தெரிந்துவிடும். மொட்டை மாடியில் துணி துவைக்க வீட்டுக்கு ஒரு நாள். திங்கள் மூன்றாம் மாடி வர்தியாவுக்கு, செவ்வாய் நேர் மேலே நான்காம் மாடி நஃபீஸாவுக்கு. இருவரும் ஒரே வருடம் மணமாகி அந்தக் கட்டடத்துக்கு வந்தவர்கள். இவர் பிள்ளைக்கு அவர் பால் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டுச் சாவி இவர் வீட்டு ஆணியில் தொங்கியிருக்கிறது. இணையம் வந்த புதிதில் நஃபீஸா வீட்டில் மட்டும்தான் வைஃபை பெட்டி. கட்டடம் முழுக்க அதில்தான் பிழைத்தது. கடவுச்சொல்லை வைத்ததே வர்தியா. மொட்டை மாடிப் பூனையின் பெயர்.

அந்த உறவு ஒரு வெயில் நாளில் அறுந்தது. வர்தியா கோதுமை ரவையைக் கையால் உருட்டிச் செய்த கூஸ்கூஸை வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைத்திருந்தார். அது திங்கள்கிழமை என்பதை மறந்து நஃபீஸா மெத்தைக்குள் அடைக்கும் கம்பளி ரோமத்தைக் கழுவி உலர்த்திக் கொண்டுவந்து உதறினார். காற்று எந்தப் பக்கம் என்று அவர் பார்க்கவில்லை. குளிர்காலம் முழுவதற்குமான கூஸ்கூஸில் கம்பளி பஞ்சு பஞ்சாக இறங்கியது.

"உன் மெத்தையை நான் அவிச்சுத் திங்கணுமாடி?"

"ஊதினா போயிடும். அதுக்கு ஏன் இந்தக் கூப்பாடு?"

"ஊது! வா, நீயே ஊது! முழுசையும் ஊதிட்டு அப்புறம் கீழ எறங்கு!"

ஊதினால் போயிடும் என்ற அந்த ஒரு சொல்தான் வர்தியாவுக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரமே தனிப் பெட்டி வாங்கினார். அது வந்த அன்று, "இனி யாரு வீட்டு தயவும் எனக்கு வேணாம்" என்று படிக்கட்டில் நின்று நான்கு மாடிக்கும் கேட்கச் சொன்னார். நஃபீஸா வீட்டுச் சாவி ஆணியிலிருந்து இறங்கி, மேலே போய், அவர் கதவடியில் தள்ளப்பட்டது. இரண்டு வருடம் பேச்சில்லை. மொட்டை மாடியில் கல்யாணம், சுன்னத்து என்று கூடியபோதெல்லாம் வர்தியா படம் எடுத்தார். "யாரு வரல?" என்று மட்டும் கேட்கவில்லை.

மழையில் கட்டடத்தின் பின்சுவர் பிளந்தது. எல்லோருக்கும் வேறு வீடு என்று அரசு உத்தரவு வந்தது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. வர்தியாவுக்கு நகரத்தின் கிழக்கே, நஃபீஸாவுக்கு மேற்கே, மற்றவர்களுக்கு எங்கெங்கோ. லாரிகள் வர இரண்டு நாள் இருக்கும்போதுதான் வர்தியாவுக்கு அந்த எண்ணம் வந்தது: கைப்பேசியில் இருக்கும் இத்தனை வருடப் படங்களையும் கணினியில் ஏற்றி, வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்ப வேண்டும். கைப்பேசியோ சாகக் கிடந்தது. தொட்டால் உறையும், எடுத்தால் அணையும். கேபிள் செருகும் துளை ஆடிப்போய், சார்ஜ் மட்டும் ஏறியது, படம் நகரவில்லை. வைஃபை வழியாகத்தான் மாற்ற வேண்டும். கனடாவில் இருக்கும் மகன் ஸூஃப்யான் விட்டுப்போன கணினி மேசையில் இருந்தது. என்ன செய்தும் அது கைப்பேசியைக் கண்டுகொள்ளவில்லை. வட்டம் சுற்றும், 'சாதனம் கிடைக்கவில்லை' என்று நிற்கும்.

உதவிக்கு வந்தவர் கீழ் வீட்டு ரம்தான். குழாய் வேலை செய்பவர். எதையும் குழாயாகத்தான் பார்ப்பார். இரண்டையும் அணைத்துப் போட்டார். உறையைக் கழற்றினார். கைப்பேசியைக் கணினிக்கு எதிரே நிமிர்த்தி வைத்தார்.

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி வெச்சிருக்கே. வெக்கப்படுது போல" என்றார் வர்தியா.

"சும்மா இருங்கக்கா. எங்கியோ அடைப்பு."

மறுபடியும் அணைத்து, மறுபடியும் போட்டு, வர்தியா பிஸ்மில்லா சொல்லித் தொட்டு, ஒன்றும் நடக்கவில்லை. கைப்பேசி இரண்டு முறை தானாகவே அணைந்தது. "போயிடும் ரம்தான். இது போச்சுன்னா எல்லாரும் போச்சு" என்று வர்தியா கைப்பேசியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

ரம்தான் கணினித் திரையின் மூலையைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார். பிடரியைச் சொறிந்தார்.

"அக்கா, ரெண்டும் ஒரே பெட்டியில இருந்தாதான் ஒண்ணை ஒண்ணு பார்க்கும். கம்ப்யூட்டர் உங்க பெட்டியில இருக்கு. போன் இல்ல."

"போன் எங்க இருக்கு?"

ரம்தான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

வர்தியா கைப்பேசியைப் பிடுங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'நஃபீஸா-4' என்று இருந்தது.

"இது எப்போலேர்ந்து?"

"எப்பவும்னு நெனைக்கிறேன். உங்க பெட்டி ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கெடக்கு. இந்த ரூமுக்கு மேல் வீட்டுதுதான் பலமா வரும். பழைய கடவுச்சொல் போன்ல இருக்கு. அதுபாட்டுக்கு அங்க போய் ஒட்டிக்கிச்சு."

"அப்போ ஸூஃப்யான் கூப்பிட்டதெல்லாம்?"

"மேல் வீட்டுத் தண்ணிதான் அக்கா."

வர்தியா நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மகன் முகம் இந்த அறையில்தான் தெரிந்தது. பேத்தி தவழ்ந்ததையும் இங்கேதான் பார்த்தார்.

"அவளுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"அவங்க பெட்டியில யாரு யாரு இருக்காங்கன்னு பேரு வரும். வேணாம்னா ஒரு தட்டு தட்டி வெட்டிவிடலாம்." ரம்தான் கைப்பேசிக்குக் கை நீட்டினார். "குடுங்க, உங்க பெட்டிக்கு மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை."

வர்தியா கொடுக்கவில்லை.  கைப்பேசியை மடியில் செருகி, கணினியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். "அக்கா, மேல போறதுக்குள்ள போன் அணைஞ்சிடும்!" என்று ரம்தான் கத்தியது பின்னால் கேட்டது.

நஃபீஸா கதவைத் திறந்தார். கையில் பொட்டலம் கட்டும் கயிறு. இருவரும் நரைத்திருந்தார்கள், அவ்வளவு பக்கத்தில் பார்த்து நாளாகியிருந்தது.

"கம்ப்யூட்டரையும் உன் வைஃபையில சேர்க்கணும். கடவுச்சொல் மறந்துபோச்சு" என்றார் வர்தியா.

"நீ வெச்சதுதானே. மாத்தல."

"என் பேரு அங்க இருக்கிறதப் பார்த்தியா?"

"தெனமும்தான் பார்த்தேன்."

"ஏன் வெட்டல?"

நஃபீஸா கயிற்றைச் சுருட்டினார். "வெள்ளிக்கிழமை புள்ள கூப்பிடுவான்ல. பொறந்தப்ப என் பாலக் குடிச்சவன். வெட்டுவாங்களா?"

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மேசையில் கொஞ்சம் இடம் ஒதுங்கியது. நஃபீஸாவே பூனையின் பெயரைத் தட்டினார். வட்டம் சுற்றியது. ஒரு நொடியில் கணினி கைப்பேசியின் பெயரைக் காட்டியது. படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கட்டாமல் மிச்சமிருந்த இரண்டு கோப்பைகளில் நஃபீஸா காபி ஊற்றினார்.

"ரம்தானுக்கு முடி இருந்திருக்கு பாரு!"

"இது யாரு கல்யாணம்?"

"தெரியல. என் பச்சைச் சட்டைய நீ போட்டிருக்கே. அது தெரியுது" என்றார் வர்தியா.

"திருப்பிக் குடுத்தேன்."

"குடுக்கல."

கம்பளியைப் பற்றி யாரும் பேசவில்லை. கடல் பக்கத்து ஜன்னலில் வெயில் சாயும்வரை, கட்டடம் முழுக்க அந்தத் திரையில் ஏறி வந்தது: படிக்கட்டில் உட்கார்ந்த பெண்கள், கொடியில் காயும் போர்வைகளுக்கு நடுவே ஓடும் பிள்ளைகள், இறந்துபோனவர்கள், வெளிநாடு போனவர்கள். கடைசிப் படமும் வந்து, 'முடிந்தது' என்று திரை சொன்னது.

"அக்கா! முடிஞ்சுதா?" கீழேயிருந்து ரம்தான் குரல்.

"இன்னும் இல்ல" என்று கத்திவிட்டு, வர்தியா காலிக் கோப்பையை நஃபீஸா பக்கம் நகர்த்தினார்.